இன்னும் எவ்வளவு உலகம் கிடக்கு?

உலக விவகாரங்களை ஆழமாக அலசுகிறவர்களிடம் ஒரு பொதுக்குணத்தைக் கவனித்திருக்கிறேன். மொஸ்கோவில் யாராவது தும்மினால் அவர்களுக்குக் கேட்டுவிடும். சொந்த வீட்டு அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் மட்டும் மூக்குக்கு எட்டாது. நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீர்வேலியில் இப்படியொரு நிபுணர் இருந்தார். இருபது வயது, இரட்டைப் பின்னல், கணிதத்தில் இரண்டு தடவை சறுக்கியவர். அந்த நிபுணர் நான்தான்.

விஷயத்துக்குப் போகுமுன் எங்கள் வீட்டு மின்சார விநியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றுபோய்க் கனகாலம். பற்றறிக்கு அரசாங்கத் தடை. (பென்ரோர்ச் பற்றறி ஒன்று வைத்திருந்தவருக்கு ஊரில் தனி மரியாதை.) ஆனால் செய்தி கேட்காவிட்டால் எங்கள் சனத்துக்குப் பச்சைத் தண்ணீரும் இறங்காது. ஆகவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துவோம். பின்சில்லில் டைனமோ உரசிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வருகிற வயரை றேடியோவில் கொளுவிவிட்டு, பெடலைக் கையால் சுற்றினால் றேடியோ கதைக்கத் தொடங்கும். சுற்றுகிறவர் களைத்தால் றேடியோவும் களைத்துவிடும்.

எங்கள் வீட்டு மின்சார நிலையம் அப்பா. பகல் முழுக்க வாழைத்தோட்டத்தில் நின்றுவிட்டு, பொழுதுபட வந்து கால் கழுவி, திருநீறு பூசி, சைக்கிளைக் கவிழ்ப்பார். அயலட்டைச் சனம் முற்றத்தில் வந்து குந்தும். கடல் கடந்த ஒரு தமிழ் வானொலியின் செய்திதான் எல்லோருக்கும் உயிர். எங்கே அடிபாடு, எந்தப் பாதை திறந்தது, எது பூட்டு என்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நடப்பதையே ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்து அவர்கள் சொல்லித்தான் நாங்கள் அறிவோம்.

செய்தி முடிந்ததும் சனம் கலைந்துவிடும். வாரத்தில் ஒருநாள் அதன்பிறகு அரைமணி நேரம் உலக விவகார ஆய்வு வரும். அதைக் கேட்க நான் ஒருத்திதான் மிஞ்சுவேன். அதற்காகவும் அப்பா பேசாமல் சுற்றிக்கொண்டிருப்பார். அந்த ஆய்வாளரின் குரலில் நான் கிறங்கிப்போனேன். முக்கியமாக, அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வசனத்தில்: "அரசியல் அவதானிகள் கருதுகின்றனர்." அந்த அவதானிகள் யார், எங்கே குந்தியிருந்து அவதானிக்கிறார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் பெரியவளானதும் நான் அவதானியாகத்தான் வருவேன் என்று முடிவு கட்டிவிட்டேன். (ஏற்கெனவே பெரியவளாகிவிட்டேன் என்பதை நான் அவதானிக்கவில்லை.)

வீட்டிலும் அப்படியே கதைக்கத் தொடங்கினேன். இரவு என்ன சாப்பாடு என்று கேட்டால், தேங்காய்த் தட்டுப்பாட்டின் பின்னணியில் புட்டுக்கான வாய்ப்புகள் மங்கி வருவதாக அவதானிகள் கருதுகின்றனர் என்பேன். அம்மா அகப்பையோடு வந்து, அவதானிக்கு ஒரு சாத்து விழும் வாய்ப்புப் பிரகாசமாக இருக்கிறது என்று நான் கருதுகிறேன் என்பார்.

என் அக்கா வதனி எனக்கு நேரெதிர். வாயில் முத்து வைத்திருப்பவள் போல அளந்துதான் கதைப்பாள். இருபத்தேழு வயதாகியும் சம்பந்தங்கள் சரிவராமல் தட்டிக்கொண்டே போயின. ஒன்று சாதகம் பொருந்தவில்லை. இன்னொன்று எல்லாம் பொருந்தி, மாப்பிள்ளை வீட்டார் இடம்பெயர்ந்து எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போயிற்று. அதன் பிறகு உடுவிலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெயர் குகன். ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை. அவருடைய படத்தை அக்கா ஒருமுறை பார்த்துவிட்டு அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் அன்றிலிருந்து கிணற்றடியில் வாளியை இறக்கும்போது மெல்லப் பாடத் தொடங்கியிருந்தாள். அக்கா பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டார், அப்பாவும் கேட்டார். யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, கதைத்தால் நின்றுவிடும் என்று பயம்.

சாதகம் பொருந்தியது. குகன் தன் தாய் மூலம் ஒரேயொரு விருப்பத்தைச் சொல்லியனுப்பினார். படம் பார்த்துவிட்டேன், குரலையும் ஒருக்கால் கேட்கவேண்டும், ஒரு கசெற்றில் கதைத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கும் ஊருக்கும் நடுவே கசெற்றுகள்தான் கதைத்துக்கொண்டன. எங்கள் ஒழுங்கையில் இருந்த சிவம் அண்ணை வெள்ளிக்கிழமை கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போகிறார், அங்கே தபாலில் போட்டுவிடுவார் என்று ஏற்பாடாயிற்று.

கசெற் அனுப்பும் பொறுப்பை நானே ஏற்றேன். (யாரும் தரவில்லை.) எங்கள் றேடியோவில் கசெற் பதியவும் முடியும். வீட்டில் பழைய பாட்டுக் கசெற் இரண்டு இருந்தன, இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றில் பாட்டை அழித்து அக்காவின் குரல். மற்றதில் என் குரல். ஆம், இந்தச் சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று நானும் முப்பது நிமிட உலக விவகார ஆய்வொன்றைப் பதிந்து அதே வானொலிக்கு அனுப்புவதென்று தீர்மானித்திருந்தேன். கேட்டதும் அவர்கள் மேசையில் அடித்து, இத்தனை நாள் எங்கே ஒளித்திருந்தாய் என்று கேட்பார்கள் என்பது என் கணிப்பு.

முதலில் அக்காவின் பதிவு. இதில் ஒரு சிக்கல் இருந்தது. வருங்காலக் கணவனோடு முதல்முதலாகக் கதைக்கிற பெண்ணுக்குப் பக்கத்திலேயே தகப்பன் நின்று பெடல் சுற்றவேண்டும். நான் சுற்றினால் சீராக வராது என்று என்னை வெளியே கலைத்துவிட்டாள். அப்பா இரண்டு காதுக்குள்ளும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சுற்றினார். அப்படியும் அக்காவுக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் அப்பா, பஞ்சு போதாதென்று, தன் மகளின் கதை தன் காதில் விழாமல் இருக்கத் தேவாரம் பாடத் தொடங்கினார். அதன் பிறகுதான் அக்கா கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சன்னலுக்குக் கீழே குந்தியிருந்து பார்த்தேன், தேவாரம் மட்டும்தான் கேட்டது.

அடுத்தநாள் என் பதிவு. காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சோவியத் யூனியன் சிதறியதிலிருந்து தொடங்கி, வளைகுடாவுக்குள் புகுந்து, இந்து சமுத்திரப் பிராந்தியத்தின் பாதுகாப்புச் சமநிலையை நிறுத்துப் பார்த்து, அமெரிக்காவுக்கு ஆலோசனை சொல்லி முடிப்பதாகத் திட்டம். அப்பா தோட்டத்தால் வந்த களைப்போடு சுற்றத் தொடங்கினார். நான் குரலைத் தாழ்த்தி, மூக்கால் கொஞ்சம் மூச்சுவிட்டு, "வணக்கம் நேயர்களே" என்றேன். பக்கத்து வளவுச் சேவலும் அதே நேரம் கூவிற்று.

சோவியத் யூனியன் நன்றாகத்தான் சிதறியது. வளைகுடாவில் அம்மா ஆட்டைக் கட்டையில் கட்டச் சொல்லிக் குரல்கொடுத்தார். நான் கையைக் காட்டி அடக்கினேன். இந்து சமுத்திரத்துக்குள் இறங்கும்போது அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். வந்தவள் அப்பாவின் தோளைத் தொட்டு, "அப்பா, கையை விடுங்கோ. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, நான் சுத்துறன்" என்றாள். நான் கண்ணை உருட்டினேன். இந்து சமுத்திரத்தின் நடுவில் யாராவது தேத்தண்ணிக் கதை கதைப்பார்களா?

அப்பா குடித்துவிட்டு மறுபடி பெடலைப் பிடித்தார். நான் கடற்படைத் தளங்களை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. கடைசியில் அவர் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு உலகம் கிடக்கு பிள்ளை? கை நோகுது."

"கொஞ்சம்தான் அப்பா. அமெரிக்கா மட்டும்தான் மிச்சம்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. அம்மா குசினிக்குள்ளிருந்து எல்லோரையும் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடச் சொன்னார். அப்பா பெடலை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். பங்கருக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணி. அதற்குள் நின்றபடி, தடைப்பட்ட வசனத்தை மறந்துவிடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். ஹெலி எங்கேயோ சுட்டுவிட்டுப் போய்விட்டது. வெளியே வந்து, ஈரப் பாவாடையோடு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்: "ஆகவே நேயர்களே, எமது பிராந்தியத்தில் பெருமளவு அமைதி நிலவுவதாகவே அவதானிகள் கருதுகின்றனர்."

இனி, என் வாழ்க்கையின் அதிபுத்திசாலித்தனமான முடிவுக்கு வருகிறேன். இரண்டு கசெற்றிலும் பெயர் எழுதலாம் என்றாள் அக்கா. கூடாது என்றேன் நான். வழியில் எத்தனை சோதனை, எத்தனை கண்கள்! பெயர் எழுதிய கசெற் பாதுகாப்புக்குப் பங்கம் என்று விளக்கினேன். உறையில் பெயரும் விலாசமும் எழுதித்தானே கொடுக்கப்போகிறோம் என்று அவள் நியாயமாகத்தான் கேட்டாள். அது வேறு, இது வேறு என்று ஒரு நிபுணச் சிரிப்பு சிரித்தேன். மேசையில் இடப்பக்கம் இருப்பது அவளுடையது, வலப்பக்கம் இருப்பது என்னுடையது, எல்லாம் என் மூளைக்குள் இருக்கிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சைவ வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவாமல் விளக்கேற்றமாட்டார்கள் என்பதை இந்து சமுத்திரத்தின் பாதுகாப்பு நிபுணர் மறந்துபோனார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா மேசையில் இருந்ததையெல்லாம் இறக்கி, மஞ்சள் தண்ணியால் துடைத்து, எல்லாவற்றையும் மறுபடி அழகாக அடுக்கி வைத்திருந்தார். இரண்டு கசெற்றும் மேசையில்தான் இருந்தன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். சிவம் அண்ணை படலையில் நின்று மணியடித்தார். உறைகளுக்குள் போட்டு, சோற்றுப்பசையால் ஒட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிழமைகள் கழிந்தன. ஒருநாள் மாலை, முற்றம் நிறையச் சனம். செய்தி முடிந்து நேயர்களோடு கதைக்கும் நேரம் தொடங்கியது. "யாழ்ப்பாணம் நீர்வேலியிலிருந்து ஒரு சகோதரி எங்களுக்கு ஒலிநாடா அனுப்பியிருக்கிறார்" என்றார் அறிவிப்பாளர்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். பின்னலைச் சரிசெய்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன். (அந்தக் கும்பிட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.)

"பின்னணியில் ஒரு பெரியவர் தேவாரம் பாடுகிறார்" என்று தொடர்ந்தார் அறிவிப்பாளர். "சகோதரி, இது எங்களுக்காகப் பேசப்பட்டதல்ல என்று கேட்கத் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. ஆகவே முழுவதும் கேட்கவில்லை, ஒலிபரப்பவும் மாட்டோம். இதைக் கேட்கவேண்டியவர் கொடுத்துவைத்தவர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்."

கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது. சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவின் கை மட்டும் ஒரு சுற்று நின்று மறுபடி சுற்றியது. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தன் குரல் அந்த வானொலிக்குப் போயிருந்தால் ஜேர்மனிக்குப் போனது எது என்று கணக்குப் பார்க்க அவளுக்குக் கனநேரம் எடுக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அக்கா கோபித்தால் சத்தம் போடமாட்டாள். எங்கள் வீட்டில் அப்போது சீனி இல்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்து நக்கிக்கொண்டுதான் வெறுந்தேத்தண்ணி குடிப்போம். அடுத்தநாள் காலையில் எல்லோருக்கும் பனங்கட்டி வைத்தவள் என் கையில் வைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்குக் கசப்புப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. கிணற்றடியில் பாட்டு நின்றுபோயிருந்தது.

அம்மா என்னைத் திட்டித் திட்டிக் களைத்துவிட்டு, உடுவிலுக்கு என்ன பதில் சொல்வது என்று அழுதார். உலக அரசியல் பேசுகிற வாயாடியை எந்த மாப்பிள்ளை கட்டுவான்? கசெற் மாறிப் போய்விட்டது என்று விளக்கி எழுதினால், அப்போ அக்காவின் கசெற் எங்கே என்று கேட்பார்கள். அது வானொலி நிலையத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? நான் அமெரிக்காவுக்கு ஆலோசனை சொன்னவள், எங்கள் வீட்டுக்கு ஒரு வழியும் சொல்லத் தெரியவில்லை. வாழைத்தோட்டத்துக்குள் போயிருந்து தனியாக அழுதேன். அப்பா ஒருநாள் கண்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தி, ஒரு கப்பல் வாழைப்பழத்தை உரித்துக் கையில் தந்தார். அதைத் தின்றுகொண்டே இன்னும் கொஞ்சம் அழுதேன்.

ஒருநாள் பின்னேரம் உடுவில் மாமி, குகனின் தாய், நேரே வந்து இறங்கினார். கையில் ஒரு பை, பைக்குள் ஒரு கசெற். மகன் அனுப்பியிருக்கிறான், எங்களிடம் கசெற் போட்டுக் கேட்க வழியில்லை, எல்லோரும் சேர்ந்து கேட்போம் என்றார். அவர் முகத்திலிருந்து எதையும் பிடிக்க முடியவில்லை. அம்மா தேத்தண்ணி ஊற்றப் போய்த் தண்ணியைச் சுடவைக்க மறந்து திரும்பிவந்தார். அப்பா சைக்கிளைக் கவிழ்த்தார். அக்கா அறைக்குள் இருந்தாள், கதவு ஒரு விரலளவு திறந்திருந்தது.

முதலில் அரக்கன் ஒருவன் கதைத்தான். அப்பா பெடலை மெதுவாகச் சுற்றியதில் மாப்பிள்ளையின் குரல் பாதாளத்திலிருந்து வந்தது. மாமி பயந்து நெஞ்சில் கைவைத்தார். அப்பா வேகத்தைக் கூட்டினார், இப்போது பெண்பிள்ளை மாதிரிக் கீச்சிட்டது. பிறகு ஒருவாறு மனிதக் குரலாயிற்று.

"வணக்கம். உங்கடை கசெற் கிடைச்சுது. நாங்கள் ஒரு அறையிலை ஏழு பேர். எல்லாருமாய் இருந்து கேட்டனாங்கள். சோவியத் யூனியன் கதை நல்லாய்த்தான் இருந்தது."

மாமி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அம்மா முகட்டைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"குரல் இடைக்கிடை அணில் மாதிரிக் கீச்சிட்டுது. முதல் எங்களுக்கு விளங்கேல்லை. பிறகுதான் ஒருத்தன் சொன்னான், சுத்திறவருக்குக் கை நோகேக்கை கசெற் மெதுவாய் ஓடியிருக்கும், இஞ்சை போட்டால் கீச்சிடுது எண்டு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை. சேவல் கூவிச்சுது, ஆடு கத்திச்சுது, பிறகு ஹெலி. ஓடச் சொல்லி ஆரோ கத்தினதோடை பதிவு அறுந்துது. திரும்பக் குரல் கேட்டாப்பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இப்ப வேலையாலை வந்தவுடனை எல்லாரும் அதைத்தான் போடச் சொல்லுறாங்கள். ஆனா எனக்கு ஒண்டு கேக்கவேணும்."

அந்த இடத்தில் செயின் கழன்றது. மாப்பிள்ளையின் குரல் தேய்ந்து, இழுபட்டு, நின்றது.

அப்பா கறுத்த எண்ணெய்க் கையோடு செயினைப் பல்லில் மாட்டுவதும் அது வழுக்குவதும், மறுபடி மாட்டுவதும் வழுக்குவதுமாக நேரம் போயிற்று. அறைக்கதவு கொஞ்சம் கூடத் திறந்தது. அக்கா வெளியே வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தி, சில்லைப் பிடித்துக்கொண்டு, செயினை ஒரே தரத்தில் மாட்டினாள். பிறகு அவளே பெடலைப் பிடித்துச் சுற்றினாள். குரல் சீராக வந்தது.

"கசெற்றிலை ரெண்டு பொம்பிளையள் கதைக்கினம். ஒராள் உலகத்தைப் பற்றிக் கதைக்கிறா. மற்றாள் பின்னாலை நிண்டு, 'நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, நான் சுத்துறன்' எண்டு தகப்பனுக்குச் சொல்லுறா. நான் கட்டப்போறது அந்த ரெண்டாவது ஆளெண்டால் நான் குடுத்துவைச்சவன். முதலாவது ஆளெண்டால்..." இங்கே அவர் கொஞ்சம் யோசித்தார். "முதலாவது ஆளெண்டாலும் பரவாயில்லை. ஆனா கலியாணத்துக்கு முதல் நான் கொஞ்சம் படிக்கவேணும்."

முதலில் சிரித்தது மாமிதான். பிறகு அம்மா சிரித்தபடியே அழத் தொடங்கினார். அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சுற்றிக்கொண்டேயிருந்தாள். கசெற்றில் கதை முடிந்து வெறும் இரைச்சல் ஓடியபோதும் சுற்றினாள். அப்பாதான் மெல்ல அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அடுத்தநாள் காலை என் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி விழுந்தது, வழக்கத்தைவிடப் பெரிதாக. கிணற்றடியில் பாட்டும் கேட்டது. அடுத்த வருடம் அக்கா கிளாலியால் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஜேர்மனிக்குப் போனாள். படலையில் நின்று அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டுக் கடைசியாக என் காதில், "அவதானி, அப்பாவைக் களைக்க விடாதை" என்றாள். என்னை அவள் அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

தொண்ணூற்றைந்தில் ஊரே ஒரேயடியாக எழும்பிய இடப்பெயர்வில் நாங்களும் போனோம். அன்று அந்தச் சைக்கிள் நேராக நிமிர்ந்து, அம்மாவின் பெட்டியையும் இரண்டு மூட்டைகளையும் சுமந்தது. அப்பா அதைத் தள்ளிக்கொண்டு மழையில் நடந்தார். படங்கள், கசெற்றுகள், குகனின் அந்த முதல் குரல் எல்லாம் வீட்டோடு போயிற்று. திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் இருந்தது. அப்பா திரும்பி வரவில்லை. இடம்பெயர்ந்த இடத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். அக்காவால் வரமுடியவில்லை.

அப்பாவின் குரல் இந்த உலகத்தில் ஒரேயொரு இடத்தில்தான் மிஞ்சியது. ஜேர்மனியில் அக்கா வீட்டு அலுமாரியில், என்னுடைய உலக விவகார ஆய்வுக்குள். (அவர் தேவாரம் பாடிய கசெற் வானொலி நிலையத்தில் என்னவாயிற்று என்று தெரியாது.) அதைக் கேட்கவேண்டுமென்றால் சோவியத் யூனியனையும் வளைகுடாவையும் தாண்டித்தான் போகவேண்டும். அப்பாவின் நினைவுநாளுக்கு ஒவ்வொரு வருடமும் போடுவார்கள். அதனால் அக்காவின் பிள்ளைகளுக்குத் தமிழில் தண்ணி தாருங்கள் என்று கேட்கத் தடுமாறினாலும், "இந்து சமுத்திரப் பிராந்தியத்தின் பாதுகாப்புச் சமநிலை" என்று மூச்சுவிடாமல் சொல்லத் தெரியும். அந்த வீட்டில் பாத்திரம் கழுவி முடியவில்லையா, பரீட்சைக்குப் படித்து முடியவில்லையா, யாராவது ஒருவர் "இன்னும் எவ்வளவு உலகம் கிடக்கு?" என்று கேட்பார். "அமெரிக்கா மட்டும்தான் மிச்சம்" என்று பதில் வரும். அணில் குரலில்தான் கேட்பார்கள், ஏனென்றால் கசெற்றில் அப்பா அப்படித்தான் கேட்கிறார். கை நொந்து மெதுவாகச் சுற்றிய நேரத்தில் கேட்ட கேள்வியல்லவா? தங்கள் தாத்தா அணில் குரலில் கதைக்கிறவர் என்றே பிள்ளைகள் நம்பி வளர்ந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் அங்கே போயிருந்தேன். அக்காவின் மூத்த மகள் இப்போது அந்த நாட்டு வானொலியில் வேலை செய்கிறாள். உலக விவகாரங்களை ஆழமாக அலசுகிற நிகழ்ச்சியேதான். (என்னைப் பின்பற்றித்தான் என்று நான் சொல்கிறேன். அவள் மறுக்கவில்லை, மரியாதையான பிள்ளை.) அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வேலை இடத்தில் அந்தக் கசெற்றைப் போட்டு, பெடல் மெதுவான இடங்களில் குரலையும் அதற்கேற்ப மெதுவாக்கிப் பார்த்திருக்கிறாள்.

சேவல் கூவியது. சேவல் மாதிரியே கூவியது. பிறகு அப்பா கேட்டார். கரகரத்த, தாழ்ந்த, தோட்டத்தால் வந்து கால் கழுவின குரலில் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு உலகம் கிடக்கு பிள்ளை? கை நோகுது."

வழக்கமாகப் பதில் சொல்கிற ஒருவரும் வாய் திறக்கவில்லை. குகன் அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காதான் மேசையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"அமெரிக்கா மட்டும்தான் மிச்சம் அப்பா. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, நான் சுத்துறன்."